கடலூரிலிருந்து சிங்கப்பூர்: மீனம்பாக்கமா, திருச்சியா, லாஸ்பேட்டையா?

சிங்கப்பூர் பயணம் என்று முடிவானதும் கடலூர்ப் பக்கத்து வீடுகளில் எழும் முதல் கேள்வி, "சென்னையில ஏறலாமா, திருச்சியில ஏறலாமா?" என்பதுதான். 2024 டிசம்பரில் புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து இண்டிகோவின் சிறிய விமானம் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் பறக்கத் தொடங்கிய பிறகு, "பாண்டியிலேயே ஏறிட்டா என்ன?" என்பதும் சேர்ந்துகொண்டது. பெரும்பாலும் டிக்கெட் விலையை மட்டும் பார்த்துத்தான் முடிவு எடுக்கிறார்கள். வான்வழித் தூரத்தில் சென்னைக்கும் திருச்சிக்கும் பெரிய வேறுபாடே கிடையாது. பயணத்தைச் சுலபமாக்குவதும் சிக்கலாக்குவதும் வீட்டு வாசலிலிருந்து விமான நிலைய வாசல் வரைக்குமான சாலைதான். அந்தச் சாலைக் கணக்கில் சென்னைக்கும் திருச்சிக்கும் நடுவே ஓடும் எல்லைக்கோடு கடலூர் நகரத்தின் மேலேயே போகிறது.

முதலில் வானத்துக் கணக்கு. சென்னையிலிருந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கு நேர்கோட்டுத் தூரம் சுமார் 2,920 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து சுமார் 2,980. "திருச்சி தெற்கே இருக்கிறது, சிங்கப்பூரும் தெற்கே இருக்கிறது, அப்படியானால் திருச்சிதானே கிட்டம்?" என்று பலர் நினைக்கிறார்கள். வரைபடத்தை விரித்துப் பார்த்தால் காரணம் விளங்கும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் 1,300 கி.மீ. அளவுக்குத்தான் தெற்கே இருக்கிறது. கிழக்கே போக வேண்டியது ஏறத்தாழ 2,600 கி.மீ. அதாவது இது தெற்குப் பயணம் என்பதைவிடக் கிழக்குப் பயணம். சென்னையைவிடத் திருச்சி 250 கி.மீ. தெற்கே இருப்பதால் கிடைக்கும் லாபத்தை, 160 கி.மீ. மேற்கே தள்ளி இருப்பது சாப்பிட்டுவிடுகிறது. மீதமாகும் 60 கி.மீ. வித்தியாசம் விமானத்துக்கு நான்கைந்து நிமிடம். கடலூர் சில்வர் பீச்சில் நின்று அளந்தால் சாங்கி 2,910 கி.மீ.தான்.

இரண்டு ஊரிலிருந்து கிளம்பும் விமானமும் வங்கக் கடலைக் குறுக்கே கடந்து, கிரேட் நிக்கோபாருக்கும் சுமத்திராவின் வடமுனைக்கும் நடுவே புகுந்து, மலாக்கா நீரிணையை ஒட்டி இறங்கும். நாகப்பட்டினத்திலிருந்து எம்.வி. சிதம்பரம் கப்பலில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன பெரியவர்கள் இந்தப் பக்கம் இன்றும் இருக்கிறார்கள். 1985-இல் தீ விபத்தோடு நின்றுபோன அந்தக் கப்பல் போன திசையும் இதேதான்.

மணிக்கு 830 கி.மீ. வேகத்தில் 2,920 கி.மீ. என்றால் மூன்றரை மணி நேரம் வர வேண்டும். டிக்கெட்டில் நாலேகால், நாலரை மணி என்று போட்டிருப்பார்கள். அந்த நேரம், விமானம் நிறுத்திய இடத்திலிருந்து நகர ஆரம்பித்தது முதல் சாங்கியில் போய் நிற்கும் வரைக்குமானது. ஓடுபாதை வரை ஊர்ந்து வரிசையில் காத்திருப்பது, மெதுவாக மேலேறுவது, சாங்கிக்கு மேலே இறங்க முறைக்காக ஒரு சுற்றுச் சுற்றுவது எல்லாம் அதில் அடக்கம். ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், விமானம் பறக்கும் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காகப் பலமான காற்று ஓடும். போகும்போது அது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று. திரும்பும் விமானம் சில நிமிடம் முன்னதாகவே இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடிகாரக் கணக்கில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே இரவு 11.15-க்குக் கிளம்பி நாலேகால் மணி நேரம் பறந்தால் நம் மணிக்கு அதிகாலை 3.30, அங்கே காலை 6. தூக்கம் இரண்டு மணி நேரம்கூடத் தேறாது. அதே நாளில் வேலையில் சேர வேண்டியவர்கள் பகல் விமானத்தைப் பார்ப்பது நல்லது. திரும்பும்போது நேர்மாறு: அங்கே இரவு 8.30-க்குக் கிளம்பினால் சென்னை மணிக்கு இரவு 10.15-க்கே வந்துவிடலாம்.

இனி லாஸ்பேட்டை. நம் வீட்டுப் பக்கத்திலேயே விமான நிலையம் இருந்தும் அது ஏன் உதவுவதில்லை என்பதற்கு அதன் ஓடுபாதைதான் பதில். நீளம் 1,500 மீட்டர். இறக்கை விசிறியோடு வரும் ஏடிஆர் விமானம் அதில் ஏறி இறங்கும். சிங்கப்பூர் போகும் ஏர்பஸ், போயிங் முடியாது. அதனால் பெங்களூரு போய் மாற வேண்டும். பெங்களூரு நமக்கு மேற்கே; சிங்கப்பூர் கிழக்கே. புதுச்சேரி–பெங்களூரு 265 கி.மீ., பெங்களூரு–சிங்கப்பூர் சுமார் 3,180 கி.மீ. மொத்தம் 3,445. நேர் வழியைவிட 500 கி.மீ.க்கு மேல் கூடுதல். ஹைதராபாத் வழி இன்னும் சுற்று. பெங்களூரில் இண்டிகோவின் உள்நாட்டு விமானம் இறங்குவது முதல் முனையத்தில், வெளிநாட்டு விமானம் ஏறுவது இரண்டாம் முனையத்தில். இடையே பேருந்தில் போக வேண்டும். குடியேற்றச் சோதனையும் அங்கேதான். நடுவில் மூன்று மணி நேரமாவது இல்லாமல் இந்த வழியை எடுக்கவே கூடாது.

எடுப்பதாக இருந்தால் ஒரே டிக்கெட்டாக, ஒரே பதிவு எண்ணில் எடுங்கள். பெட்டி லாஸ்பேட்டையிலேயே சிங்கப்பூர் வரை பதிவாகும். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிட வேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு. இரண்டு தனி டிக்கெட்டாக எடுத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். உள்நாட்டு டிக்கெட்டுக்கு 15 கிலோ பெட்டிதான் என்பதால் அங்கேயே கூடுதல் எடைக்குப் பணமும் கட்ட வேண்டி வரும். நீண்ட கார் பயணம் தாங்காத வயதானவர்கள், முதுகுவலிக்காரர்கள் ஆகியோருக்கு இந்த வழி நியாயமானது. மற்றவர்களுக்கு நேரமும் மிச்சமில்லை, அலைச்சலும் குறையாது.

ஆக, உண்மையான போட்டி மீனம்பாக்கத்துக்கும் திருச்சிக்கும்தான்.

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து சென்னை விமான நிலையம், புதுச்சேரி, திண்டிவனம் வழியாகச் சுமார் 165 முதல் 170 கி.மீ. திருச்சி விமான நிலையம், வடலூர், நெய்வேலி, விருத்தாசலம், வேப்பூர் வழியாகச் சுமார் 175 முதல் 180 கி.மீ. பத்து கிலோமீட்டர் வித்தியாசம் ஒரு பொருட்டல்ல. இரண்டுக்குமே காரில் மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த மூன்றரை மணியின் தன்மை வேறு வேறு.

சென்னைச் சாலையில் நெரிசல் மூன்று இடத்தில் காத்திருக்கிறது. முதலாவது புதுச்சேரி நகரம். அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் தாண்டி இந்திரா காந்தி சிலை, ராஜீவ் காந்தி சிலை வரை, காலை 9 மணிக்கோ மாலை 6 மணிக்கோ மாட்டினால் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் அங்கேயே போய்விடும். அந்த நேரத்தில் நெல்லிக்குப்பம், பண்ருட்டி வழியாக விக்கிரவாண்டியில் போய் ஏறுவது தூரம் கொஞ்சம் கூடினாலும் நிம்மதி. இரண்டாவது செங்கல்பட்டை அடுத்த பரனூர் சுங்கச்சாவடி. மூன்றாவது வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று நீளும் ஜி.எஸ்.டி. சாலை. ஞாயிறு மாலையும் பொங்கல், தீபாவளி விடுமுறை முடியும் நாளும் தென்மாவட்டமே சென்னைக்குத் திரும்பும். அன்று மூன்றரை மணி, ஐந்தரை மணி ஆகும். அந்த நாட்களில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் வரை போய், கேளம்பாக்கம்–வண்டலூர் சாலையில் திரும்பி வந்தால் பரனூரையாவது தவிர்க்கலாம்.

திருச்சிச் சாலையில் வேப்பூர் வரைக்கும்தான் மெதுவான பகுதி. வடலூர், நெய்வேலி ஆர்ச் கேட், விருத்தாசலம் பாலக்கரை என்று ஊருக்குள் நின்று நின்று போக வேண்டும். கரும்பு டிராக்டர் முன்னால் மாட்டிக்கொண்டால் முந்துவதற்கு இடம் கிடைக்காது. வேப்பூர் கூட்டுரோட்டில் நான்குவழிச் சாலையில் ஏறிவிட்டால் தொழுதூர், பெரம்பலூர், சமயபுரம் என்று ஒரே ஓட்டம். கொள்ளிடமும் காவிரியும் கடந்து பால்பண்ணை, ஜி கார்னர், டிவிஎஸ் டோல்கேட் வழியாகப் புதுக்கோட்டை சாலையில் திரும்பினால் விமான நிலையம். இந்தச் சாலையில் எவ்வளவு நேரம் ஆகும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியும். சென்னைச் சாலையில் அது முடியாது. விமானம் பிடிக்கப் போகிறவருக்கு, பயண நேரம் குறைவாக இருப்பதைவிட அது மாறாமல் இருப்பது முக்கியம்.

அதனால் எல்லைக்கோட்டை இப்படிப் போடலாம். புதுச்சேரி, பாகூர், வில்லியனூர், கோட்டக்குப்பம், திண்டிவனம் பக்கத்தார் யோசிக்கவே வேண்டாம், சென்னைதான். நெய்வேலி, வடலூர், குறிஞ்சிப்பாடி, விருத்தாசலம், திட்டக்குடிக்காரர்களுக்குத் திருச்சி. நெய்வேலியிலிருந்து கணக்குப் பார்த்தால் திருச்சி ஐம்பது கி.மீ. அளவுக்குக் கிட்டம். சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயிலுக்கும் திருச்சியே. கங்கைகொண்ட சோழபுரம், மீன்சுருட்டி வழியாகப் போகும் சிதம்பரம்–திருச்சி சாலை இருப்பதால் அவர்கள் விருத்தாசலம் பக்கம் வரவே தேவையில்லை. கடலூர் நகரம், நெல்லிக்குப்பம், பண்ருட்டி மூன்றும் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. இவர்கள் மட்டும்தான் டிக்கெட் விலை, புறப்படும் மணி, மாதம் மூன்றையும் பார்த்து முடிவெடுக்க வேண்டியவர்கள்.

மாதம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் சென்னை விமான நிலையம் மூடப்படுவது புதிதல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்தில் பல நாள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயலில் ஓடுபாதையிலேயே தண்ணீர் நின்றது. 2024 நவம்பர் 30 பெஞ்சல் புயலன்றும் மூடினார்கள். பெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்து, தென்பெண்ணை பெருக்கெடுத்தபோது கடலூர்–புதுச்சேரிப் போக்குவரத்தும் தடைப்பட்டது. அரசூரில் நெடுஞ்சாலை மேலேயே வெள்ளம் ஓடியது. கடலூரிலிருந்து வடக்கே போகிறவர் தென்பெண்ணையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். விருத்தாசலம் வழியாகத் திருச்சி போகிறவருக்கு அந்த ஆறு குறுக்கே வராது. நவம்பர், டிசம்பர் பயணம் என்றால் டிக்கெட் ஓரிரண்டாயிரம் ரூபாய் கூடுதலாக இருந்தாலும் கடலூர்க்காரர்கள் திருச்சியை எடுப்பதே புத்திசாலித்தனம். போகி அன்று அதிகாலை சென்னை விமானத்தையும் தவிர்க்கலாம். புகையும் பனியும் கலந்து ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் தாமதமாவது பல ஆண்டுகளாகப் பார்த்து வருவதுதான்.

கார் வைக்காமல் போகிறவர்களுக்குச் சென்னைதான் வசதி, அதுவும் ரயிலில். கடலூர் நகரத்து ரயில் நிலையமான திருப்பாதிரிப்புலியூரில் ஏறித் தாம்பரத்தில் இறங்குங்கள். எழும்பூர் வரை போக வேண்டாம். தாம்பரத்தில் புறநகர் ரயில் மாறி, சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் தாண்டி நான்காவது நிறுத்தம் திரிசூலம். விமான நிலையம் சாலைக்கு எதிர்ப்புறம். வெளிநாட்டு விமானங்கள் இப்போது 2023-இல் திறந்த புதிய இரண்டாம் முனையத்திலிருந்து. நடக்கும் தூரம் கொஞ்சம் அதிகம் என்பதால் சக்கரம் வைத்த பெட்டியாக இருக்கட்டும். பேருந்தில் போனால் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து விமான நிலையத்துக்கு 16 கி.மீ. போல மாநகரப் பேருந்திலோ ஆட்டோவிலோ போக வேண்டும். அதற்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

திருச்சிக்கு ரயில் என்றால் கடலூரிலிருந்து மயிலாடுதுறை, தஞ்சாவூர் வழி வேண்டாம், பெரிய சுற்று. விருத்தாசலம் வரை பேருந்தில் போய், அங்கே திருச்சி ரயிலைப் பிடித்தால் இரண்டு மணி நேரத்தில் சந்திப்பில் இருக்கலாம். அங்கிருந்து விமான நிலையம் ஐந்தாறு கி.மீ.

விமான நிலையத்துக்குள் எவ்வளவு நேரம்? இரண்டு இடத்திலும் மூன்று மணி நேரம் முன்னதாக என்பதுதான் பாதுகாப்பான கணக்கு. பெட்டி போடும் கவுண்டரைப் புறப்பாட்டுக்கு 60 முதல் 75 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், டிக்கெட்டிலேயே இருக்கும். சென்னையில் இரவு 9 மணி முதல் 2 மணி வரை வளைகுடா, கிழக்காசிய விமானங்கள் எல்லாம் சேர்ந்து குடியேற்ற வரிசை நீண்டுவிடும். 2024 ஜூனில் இயங்கத் தொடங்கிய திருச்சியின் புதிய முனையம் இடவசதி உள்ளது. ஆனாலும் அங்கேயும் இரவு விமானங்கள் அடுத்தடுத்துக் கிளம்பும் நேரத்தில் கூட்டம்தான். அடிக்கடி போய் வருகிறவர்கள் மத்திய அரசின் விரைவுக் குடியேற்றத் திட்டத்தில் ஆன்லைனில் பதிந்து, கைரேகையும் முகப்பதிவும் கொடுத்துவிட்டால் தானியங்கிக் கதவு வழியாகப் போய்விடலாம். சென்னையில் 2025 ஜனவரியிலும் திருச்சியில் அதே ஆண்டு செப்டம்பரிலும் இது வந்துவிட்டது. கட்டணம் இல்லை.

விமான நிறுவனத்தைப் பொறுத்தும் கணக்கு மாறும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், இண்டிகோ போன்றவை. திருச்சியிலிருந்து ஸ்கூட், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், இண்டிகோ. ஸ்கூட்டின் அடிப்படை விலையில் கையில் கொண்டுபோகும் 10 கிலோ மட்டுமே சேர்த்தி. பெட்டிக்கும் சாப்பாட்டுக்கும் தனிப் பணம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விலையில் இரண்டும் அடக்கம். எனவே இரண்டு விலையையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது தவறு. 25 கிலோ பெட்டியைச் சேர்த்த பிறகு என்ன விலை, கடலூரிலிருந்து அந்த விமான நிலையத்துக்கு வண்டிச் செலவு என்ன, இந்த இரண்டையும் கூட்டிப் பார்த்தால்தான் உண்மை விலை தெரியும். பெட்டி எடையைப் பதிவு செய்யும்போதே வாங்குங்கள். கவுண்டரில் போய் வாங்கினால் விலை பல மடங்கு. பண்ருட்டி முந்திரியைத் தாராளமாக எடுத்துப் போகலாம். எண்ணெய் மிதக்கும் ஊறுகாயைக் கைப்பையில் விடமாட்டார்கள், பெட்டியில்தான் போட வேண்டும். கொப்பரைத் தேங்காய் பெட்டியிலும் கூடாது. வாயில் அடக்கும் புகையிலை சிங்கப்பூரில் தடை. பாக்கெட்டில் ஒன்று இருந்தாலும் சிக்கல்.

இலங்கை, மலேசியா வழிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். திருச்சி–கொழும்பு–சிங்கப்பூர் மொத்தம் 3,170 கி.மீ.; 190 கி.மீ.தான் கூடுதல், ஒரே டிக்கெட்டில் விலை குறைவாகக் கிடைத்தால் கெடுதலில்லை. திருச்சி–கோலாலம்பூர்–சிங்கப்பூர் கிட்டத்தட்ட நேர்க்கோடே, 2,990 கி.மீ. ஏர் ஏசியாவில் கோலாலம்பூர் வரை மட்டும் டிக்கெட் எடுத்து, அங்கிருந்து பேருந்தில் ஐந்தாறு மணி நேரத்தில் சிங்கப்பூர் போகிறவர்களும் உண்டு. அப்படியானால் மலேசியாவுக்குள் நுழைந்து வெளியேற வேண்டும். இந்தியர்களுக்கான விசா விலக்கு 2026 டிசம்பர் 31 வரை அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். சுற்றுலாவுக்கு இது நல்ல வழி. முதல் முறை வேலைக்குப் போகிறவர் இதைத் தொடவே வேண்டாம். எல்லையில் இரண்டு முறை பெட்டியோடு இறங்கி ஏறிப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எந்த வழியில் போனாலும் சிங்கப்பூர் வருகை அட்டையை, இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் அவர்களுடைய அரசுத் தளத்திலேயே நிரப்புங்கள். அது இலவசம், பணம் கேட்கும் தளம் எதுவானாலும் இடைத்தரகர். அது விசா அல்ல; விசாவோ வேலை அனுமதிக் கடிதமோ தனியாக, அச்செடுத்துக் கையில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

அடிக்கடி நடக்கும் ஒரு தவறு, தேதி. திருச்சியில் நள்ளிரவை ஒட்டிய விமானங்கள் நிறைய. டிக்கெட்டில் 15-ஆம் தேதி 00.40 என்றிருந்தால், கடலூரிலிருந்து 14-ஆம் தேதி மாலை 5 மணிக்குள் கிளம்ப வேண்டும். 15-ஆம் தேதி இரவு போய் நின்று, விமானம் நேற்றே போய்விட்டது என்று தெரிந்து திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். டிக்கெட் வந்ததும் வீட்டு நாட்காட்டியில் விமானத் தேதியைக் குறிக்காதீர்கள். வீட்டைவிட்டுக் கிளம்பும் தேதியையும் மணியையும் குறியுங்கள்.

திரும்பி வருவதற்கு வேறு விமான நிலையத்தை எடுப்பதிலும் தவறில்லை. சென்னையில் இரவு 10.15-க்கு இறங்கினால் குடியேற்றம், பெட்டி, சுங்கம் முடிந்து வெளியே வர 11.30 ஆகும். அந்த நேரத்தில் ஜி.எஸ்.டி. சாலை காலியாக இருக்கும், புதுச்சேரியும் தூங்கிவிட்டிருக்கும். போகும்போது நெரிசலில் நாலரை மணி எடுத்த சாலையில் மூன்று மணி நேரத்தில் வீடு. கிளாம்பாக்கத்திலிருந்து இரவு முழுக்கப் பேருந்தும் உண்டு. திருச்சியில் நள்ளிரவு இறங்கினால் பேருந்துக்குப் பஞ்சப்பூர் புதிய நிலையம் போக வேண்டும். விருத்தாசலத்தில் மாறுவதற்கு விடியும் வரை காத்திருக்கவும் நேரலாம். வீட்டிலிருந்து கார் வருமானால் இது ஒரு பிரச்சினையே அல்ல. கார் வராது என்றால், திருச்சியில் ஏறிச் சென்னையில் இறங்குங்கள்.